காதலும் ஐயமும்

காதலைப் பாடாத புலவரில்லை. காதலைப் பற்றிப் பேசாத இளைஞருமில்லை. எனினும், காதல் என்பது யாது என்று வினவுவோமாயின், பெரும்பாலோர் கூறும் விடை ஒருவர் அழகில் ஒருவர் மயங்குதல் என்பதாகவே இருக்கும். மயக்கமே காதலென்றால், அம்மயக்கம் தெளியும் நாள் ஒன்றும் உண்டு. அந்நாளில் எஞ்சி நிற்பது யாது? தான் காதலித்த ஒருவர்மீது ஊரார் பழி கூறுங்கால், அப்பழியை நம்புவதா, பழிக்கப்பட்டவரை நம்புவதா? சான்று கேட்பதே பகுத்தறிவு என்பார் ஒரு சாரார்; சான்று கேளாதிருப்பதே காதல் என்பார் மற்றொரு சாரார். இவ்விருவருள் நாம் யார் பக்கம் சேர்வது?

இத்துணைக் கடுமையான வினாவுக்கு விடையை ஒரு நகைச்சுவை நாடகத்தில் தேடுவானேன் என்று சிலர் கேட்கலாம். துன்பியல் நாடகம் நம்மை அழச்செய்து அனுப்பி விடுகிறது. அழுது தீர்த்தவன் தன் கடன் முடிந்தது என்று உறங்கப் போகிறான். நல்ல இன்பியல் நாடகமோ நம்மைச் சிரிக்கச் செய்து, எதைக் கண்டு சிரித்தோம் என்று பிறகு எண்ணி நாணவும் செய்கிறது. ஆங்கில நாட்டுப் பெருங்கவி ஷேக்ஸ்பியர் இயற்றிய "ஒன்றுமில்லாததற்குப் பெரும் ஆரவாரம்" என்னும் நாடகம் அத்தகையது. 1598-க்கும் 1599-க்கும் இடையே எழுதப்பட்டதென்று அறிஞர் கருதும் இந்நாடகம் 1600-ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேறியது. கதை நிகழுமிடம் இத்தாலிக்குத் தெற்கேயுள்ள சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரம்.

இரண்டு காதல்கள்

போர் முடிந்து, அரகான் நாட்டுக் கோமகன் டான் பெட்ரோ தன் வீரர்களுடன் மெஸ்ஸினாவுக்கு வருகிறான். அந்நகரின் ஆளுநர் லியனாட்டோ அவர்களை வரவேற்று விருந்தளிக்கிறார். ஆளுநருக்கு ஹீரோ என்று ஒரே மகள். பியாட்ரிஸ் என்னும் நெருங்கிய உறவுப் பெண்ணும் அவ்வீட்டிலேயே வளர்கிறாள். வந்த வீரருள் இளைஞனான கிளாடியோ பிரபு ஹீரோவைக் கண்டதும் காதல் கொள்கிறான். பெனடிக் என்னும் மற்றொருவனோ பியாட்ரிஸைக் கண்டதும் சண்டை கொள்கிறான்.

கிளாடியோவின் காதலைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அவன் தன் காதலைத் தலைவனிடம் கூறும்போது கேட்கும் முதற் கேள்வி, ஆளுநருக்கு ஆண்மக்கள் உண்டா என்பதாகும். இல்லை, ஹீரோ ஒருத்தியே சொத்துக்கு உரியவள் என்று அறிந்த பின்னரே தன் உள்ளத்தை விரிக்கிறான். அவளிடம் தானே சென்று பேசும் துணிவும் அவனுக்கில்லை. முகமூடி அணிந்து ஆடும் விருந்தில் கோமகனே அவனுக்காக அவளிடம் பேசி இசைவு பெறுகிறான். காதலர் இருவரும் தனித்து உரையாடியதாக நாடகத்தில் ஒரு காட்சியேனும் கிடையாது. அவளுடைய அழகை அவன் அறிவான், குலத்தை அறிவான், சொத்தை அறிவான். அவளை மட்டும் அறியான்.

பியாட்ரிஸும் பெனடிக்கும் இதற்கு நேர்மாறானவர்கள். இருவருக்கும் பழைய பழக்கம் உண்டு. ஒரு காலத்தில் பெனடிக் தனக்கு உள்ளத்தைக் கொடுப்பதுபோற் காட்டித் தன் உள்ளத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்டான் என்று பியாட்ரிஸ் குறிப்பாகக் கூறுகிறாள். அந்தப் புண் ஆறாமையாலேயே அவள் நாவு கூர்மையாயிற்று போலும். இருவரும் சந்தித்தபோதெல்லாம் சொற்போர். திருமணமே வேண்டாமென்று இருவரும் சூளுரைக்கின்றனர். ஆனால், சண்டையிடுவதற்கும் ஒருவர் சொல்வதை மற்றவர் செவிகொடுத்துக் கேட்டாக வேண்டுமன்றோ? கேட்டுக் கேட்டு, ஒருவர் அறிவின் வலிமையையும் குணத்தின் குறைகளையும் மற்றவர் நன்கு அறிந்திருந்தனர்.

பழியும் மணமேடையும்

கோமகனுக்கு டான் ஜான் என்று ஒரு தம்பி. பிறர் மகிழ்ந்தால் பொறாதவன். கோமகன் ஹீரோவைத் தனக்கே கேட்கிறான் என்று அவன் ஒரு பொய்யை முதலில் கிளாடியோவின் காதில் ஓதுகிறான். கிளாடியோ அக்கணமே நம்பி விடுகிறான். நண்பனையும் வெறுத்து, காதலியையும் கைவிட்டு விடுகிறான். அப்பொய் விரைவில் வெளிப்பட்டது. ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இருந்தானா?

திருமணத்திற்கு முந்திய நாள் இரவு டான் ஜான் மீண்டும் வருகிறான். ஹீரோ நெறி தவறியவள், வேண்டுமானால் இன்றிரவே அவள் அறைச் சன்னலில் காட்டுகிறேன் என்கிறான். இங்கே ஆசிரியர் ஒரு நுட்பமான செய்தியை வைக்கிறார். சன்னலைப் பார்க்குமுன்பே, குற்றம் உறுதியானால் நாளை மணமேடையில் எல்லார் முன்னிலையிலும் அவளை அவமானப்படுத்துவேன் என்று கிளாடியோ முடிவு செய்து விடுகிறான். தண்டனை முதலில்; விசாரணை பின்னர்! இரவில், தொலைவில், இருளில் அவன் கண்டது ஹீரோவின் பணிப்பெண் மார்கரெட்டை. டான் ஜானின் ஏவலாள் பொராச்சியோ, மார்கரெட்டுக்கும் உண்மை தெரியாமல், அவளை ஹீரோ என்று பெயர் சொல்லி அழைத்துப் பேசிக் கொண்டிருந்தான். அந்தச் சன்னற் காட்சியை ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டவேயில்லை. பிறர் வாய்மொழியாகவே நாம் அறிகிறோம். பழி எப்போதும் அப்படித்தானே பரவுகிறது?

மறுநாள் மாதா கோயிலில், மணமகளின் கையைப் பற்ற வேண்டிய நேரத்தில், கிளாடியோ அவளை அழுகிய பழமென்று தந்தையிடமே திருப்பித் தருகிறான். கோமகனும் ஆமெனச் சான்று கூறுகிறான். ஹீரோ அந்நேரத்தில் எந்த ஆடவனோடும் தான் பேசவில்லை என்கிறாள். அச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. அவள் மயங்கி விழ, குற்றம் சாட்டியவர்கள் திரும்பிப் பாராமல் வெளியேறுகின்றனர்.

அதனினும் கொடியது பெற்ற தந்தையின் செயல். மகள் இறந்து போவதே நலம் என்று லியனாட்டோ கதறுகிறார். அவர் கூறும் காரணம் யாது? இரு கோமக்கள் பொய் கூறுவார்களா என்பதே! பதினாறு ஆண்டோ பதினெட்டு ஆண்டோ கண்முன் வளர்ந்த மகளின் ஒழுக்கம் ஒரு தட்டில். நேற்று வந்த விருந்தாளிகளின் பதவி மறு தட்டில். பதவியே கனத்தது. ஹீரோவுக்குத் தாய் இருந்திருந்தால் அவளேனும் அருகில் நின்றிருப்பாள் என்று நமக்குத் தோன்றும். 1600-ஆம் ஆண்டுப் பதிப்பில் லியனாட்டோவின் மனைவி இன்னோஜென் என்று ஒருத்தி மேடைக்கு வருவதாகக் குறிப்பு இருக்கிறது. ஆனால் அவளுக்கு ஒரு சொல்லும் தரப்படவில்லை. பின்வந்த பதிப்பாசிரியர்கள் அவள் பெயரையும் நீக்கி விட்டனர். வீட்டில் இருந்தும் வாய் திறக்க இடமில்லாத தாயை நாடகத்தில் மட்டுமா காண்கிறோம்?

நம்பியவள் யார்?

இந்த இடத்தில்தான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை பிறக்கிறது. அவையிலிருந்த உறவினருள் ஹீரோவை ஐயத்திற்கு இடமின்றி நம்பியவள் பியாட்ரிஸ் ஒருத்தியே. அவளிடம் சான்று இருந்ததா என்றால், வழக்குமன்றம் ஏற்கும் சான்று இல்லை. ஓராண்டு காலமாக ஹீரோவின் அறையில் உடன் உறங்கியவள், அந்த ஓர் இரவு மட்டும் உடனில்லை என்பதையும் அவளே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறாள். அவள் கூற்று ஹீரோவுக்குப் பாதகமாகவும் முடிந்தது. ஆயினும் தன் சோதரி குற்றமற்றவள் என்ற துணிபிலிருந்து அவள் அணுவளவும் அசையவில்லை.

இது கண்மூடி நம்பிக்கை அன்றோ, பகுத்தறிவுடையார் இதனை ஏற்கலாமோ என்று கேட்பவர் இருக்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், எதனைச் சான்று என்கிறோம் என்பதை முதலில் தெளிவோம். கிளாடியோவிடம் இருந்தது ஓர் இரவின் காட்சி. அதுவும் பகைமை கொண்டவன் அழைத்துச் சென்று காட்டியது, இருளில் கண்டது, காணுமுன்பே காதில் ஓதப்பட்டது. பியாட்ரிஸிடம் இருந்ததோ பல ஆண்டுகளின் பழக்கம். ஹீரோவின் பேச்சு, அச்சம், இரக்கம், அன்றாட நடத்தை யாவும் அவள் அறிந்தவை. பல ஆண்டுகளின் அறிவை ஓர் இரவின் தோற்றத்திற்காக வீசியெறிவது பகுத்தறிவு ஆகுமா? கண்ணால் கண்டேன் என்பவன் எல்லாம் அறிவாளியும் அல்லன். நான் அவளை அறிவேன் என்பவள் எல்லாம் மூடநம்பிக்கைக்காரியும் அல்லள். இக்கதையில் பகுத்தறிவு நின்ற இடம் அன்பு நின்ற இடமே.

மணம் செய்விக்க வந்த பாதிரியார் பிரான்சிஸையும் இங்கே மறத்தலாகாது. எல்லாரும் குற்றம் சாட்டியவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒருவரே குற்றம் சாட்டப்பட்டவள் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். அம்முகத்தில் வந்து மறைந்த நாணத்தையும் சினத்தையும் கண்டு, இவள் மாசற்றவள் என்று துணிந்தார். உண்மை வெளிப்படும்வரை ஹீரோ இறந்து விட்டதாகச் செய்தி பரப்புமாறு யோசனை கூறியவரும் அவரே.

அடுத்து பெனடிக். அவன் ஹீரோவை நன்கு அறிந்தவனல்லன். கிளாடியோவோ அவனுடைய உயிர்த்தோழன். கோமகனோ அவனுக்குத் தலைவன். எல்லாரும் போன பின், அழுதுகொண்டிருக்கும் பியாட்ரிஸிடம் அவன் தன் காதலை வெளியிடுகிறான்; அவளும் இசைகிறாள். உனக்காக எதையும் செய்ய என்னை ஏவு என்று அவன் கூறியதற்கு விடையாக, கிளாடியோவைக் கொல் என்கிறாள் அவள். சிரித்துக் கொண்டிருந்த அவை இவ்விடத்தில் மூச்சடைத்துப் போகும். பெனடிக் முதலில் மறுக்கிறான். பிறகு அவன் கேட்பது ஒரே கேள்வி: கிளாடியோ ஹீரோவுக்கு அநீதி இழைத்தான் என்று உன் உள்ளம் உண்மையாகவே எண்ணுகிறதா? ஆம், ஐயமில்லை என்கிறாள். அவ்வளவே, அவன் தோழனை வாட்போருக்கு அழைக்கப் புறப்பட்டு விடுகிறான்.

கொலை அறமாகாது, அதை நாம் புகழவில்லை, நாடகமும் அதை நிகழவிடவில்லை. நாம் கருத வேண்டியது அந்தக் கேள்வியை. பெனடிக் கேட்டது அவளுடைய கண்ணீரின் அளவையன்று, அவளுடைய தீர்ப்பை. ஒரு பெண்ணின் மதிப்பீட்டைத் தன் நண்பர்கள் அனைவரின் சொல்லினும் மேலாக எடைபோட்டு ஏற்றுக்கொண்டான். டான் ஜானின் சூழ்ச்சியாக இருக்கலாமென்று கோயிலிலேயே ஐயுற்றவனும் அவன்தான். ஆகவே அவன் நம்பிக்கை குருட்டு நம்பிக்கையன்று. அழகைப் புகழ்வதும் பாட்டெழுதுவதும் எளிது. அவள் சொல்லை அறிவுடைய ஒருவரின் சொல்லாக ஏற்று, அதனால் வரும் இழப்பையும் தாங்குவதே காதல்.

ஒரே சூழ்ச்சி, இரண்டு விளைவு

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். பியாட்ரிஸும் பெனடிக்கும் காதலுற்றதும் பொய்யால்தானே? நண்பர்கள் ஒன்றுகூடி, பியாட்ரிஸ் உன்மீது உயிரை வைத்திருக்கிறாள் என்று பெனடிக் மறைந்திருந்து கேட்குமாறு பேசினர். பெனடிக் உனக்காக உருகுகிறான் என்று பியாட்ரிஸ் கேட்குமாறு தோழியர் பேசினர். ஒட்டுக்கேட்ட சொல்லை நம்பியதில் இவர்களுக்கும் கிளாடியோவுக்கும் வேற்றுமை என்ன?

வேற்றுமை பெரிது. ஒட்டுக்கேட்ட இருவரும் தத்தம் குற்றங்களையும் அப்பேச்சிலே கேட்டனர். பெனடிக் ஏளனக்காரன் என்றும், பியாட்ரிஸ் செருக்குடையவள், அன்பு செய்ய அறியாதவள் என்றும் நண்பர்கள் பேசினர். அதைக் கேட்டு இருவரும் சினந்து வெகுளவில்லை. தம்மைத் திருத்திக்கொள்ளத் துணிந்தனர். என் குறையைச் சுட்டுகிறார்கள், கேட்டுத் திருந்துபவர் பேறுபெற்றவர் என்னும் கருத்துப்பட பெனடிக் பேசுகிறான். செருக்கே, உனக்கு விடை என்கிறாள் பியாட்ரிஸ். கிளாடியோ கேட்ட சொல்லோ அவனைத் தன்னை நோக்கித் திருப்பவில்லை. பிறளை நோக்கி விரல் நீட்டச் செய்தது. கேட்ட சொல் நம்மைத் திருத்திக்கொள்ளத் தூண்டுகிறதா, பிறரைத் தண்டிக்கத் தூண்டுகிறதா என்பதே அச்சொல்லை எடைபோடும் துலாக்கோல்.

பழிக்கப்பட்ட நங்கையின் கதை ஷேக்ஸ்பியருக்கு முன்பே இத்தாலியில் வழங்கியது. அரியோஸ்டோவின் காவியத்தில் 1516-லும், பண்டெல்லோவின் கதைத் தொகுதியில் 1554-லும் அது அச்சாகியிருந்தது. ஆனால், பியாட்ரிஸ், பெனடிக் கதை அவற்றில் இல்லை. அதனைச் சேர்த்தவர் ஷேக்ஸ்பியரே. உலகமும் அதையே கொண்டாடிற்று. முதலாம் சார்லஸ் மன்னர் தம் பிரதியில் இந்நாடகத்தின் தலைப்புக்கு அருகே இவ்விருவர் பெயரையே தம் கையால் எழுதி வைத்தார். பிரெஞ்சு இசைவாணர் பெர்லியோஸ் 1862-இல் இதனை இசைநாடகமாக்கியபோது, டான் ஜானின் சூழ்ச்சியையே நீக்கிவிட்டு இவ்விருவர் காதலை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்பத்திற்கு அது போதும். ஆனால் அந்தக் கோயிற் காட்சி இல்லாவிடில், இவர்கள் காதலை உரைத்துப் பார்க்கும் உரைகல்லும் இல்லாமற் போகிறது.

உண்மையைக் கண்டவர் யார்?

ஹீரோவின் குற்றமின்மையை வெளிப்படுத்தியவர் கோமகனா, ஆளுநரா? இல்லை. இரவுக் காவலர் சிலர். அவர்களுடைய தலைவன் டாக்பெரி, பெரிய சொற்களைத் தவறாகப் பேசி அவையைச் சிரிக்க வைப்பவன். பொராச்சியோ தன் செயலைக் கூட்டாளியிடம் பெருமையாகக் கூறியதைக் கேட்டு அக்காவலர் இருவரையும் சிறைப்பிடித்தனர். மணநாட் காலையிலேயே டாக்பெரி ஆளுநர் வீட்டு வாயிலுக்கு வந்தும் விட்டான். அவன் பேச்சு நீண்டது, ஆளுநருக்கோ அவசரம். நீயே விசாரித்துக்கொள் என்று கூறி, மதுவருந்திப் போகுமாறு அனுப்பி விடுகிறார். அந்த ஏழைக் காவலனின் திருந்தாப் பேச்சைச் சற்றே பொறுமையாகக் கேட்டிருந்தால், கோயிலில் அந்தக் கொடுமை நேர்ந்திராது. பெரியோர் பொய் கூறார் என்று நம்பிய லியனாட்டோ, எளியோர் மெய் கூறுவர் என்று எண்ணவில்லை. பெரியோரின் அறிவு காணாததை இந்த அறிவிலிகள் வெளிச்சமாக்கி விட்டனர் என்று குற்றவாளியான பொராச்சியோவே ஒப்புக்கொள்கிறான்.

நாடகத்தின் குறை

இத்துணைச் சிறப்பும் உடைய நாடகத்தின் குறைகளை மறைப்பது நேர்மையன்று. ஹீரோ இறந்தாள் என்று கேட்ட பின்னும் கிளாடியோ வேடிக்கை பேசித் திரிகிறான். உண்மை அறிந்த பின்னர்தான் வருந்துகிறான். அப்போதும், தெரியாமற் செய்ததன்றி வேறு பிழை செய்யவில்லை என்கிறான். ஓர் இரவு கல்லறையில் இரங்கற்பா படித்ததே அவன் கழுவாய். முகம் காட்டாத வேறொரு பெண்ணை மணக்க இசைகிறான். அவளே ஹீரோவாக முகத்திரை நீக்குகிறாள். அவள் கரிய நிறத்தவளாயினும் மணப்பேன் என்று அவன் கூறும் சொல்லில் அக்காலத்து நிறவெறி நாறுகிறது. டான் ஜானை முறையற்ற பிறப்பினன் என்று காட்டி, பிறப்பையே தீமைக்கு வேராக்கியதும் அக்காலத்தின் குறையே.

எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஹீரோ குற்றமற்றவள் என்பதால் மீட்கப்பட்டாள். ஒருகால் அவள் தவறியிருந்தால்? ஆயிரம் கண்முன் நிறுத்தி அவமானப்படுத்துவதும், மகளே செத்துப்போ என்பதும் அப்போது நீதியாகி விடுமா? இவ்வினாவை நாடகம் நேரே கேட்கவில்லை. ஆனால் பியாட்ரிஸின் சினத்தில் அதன் சாயல் இருக்கிறது. கைப்பிடிக்கும் நேரம்வரை நல்லவன்போல் நடந்து, பிறகு எல்லாரும் காணப் பழி தூற்றிய அந்த வஞ்சத்தையே அவள் வெறுத்துப் பேசுகிறாள். மணம் வேண்டாமெனில் தந்தையிடம் தனித்துச் சொல்லியிருக்கலாம். கிளாடியோ நாடியது உண்மையையன்று, பழிவாங்குதலையே.

நாம் கொள்ள வேண்டுவது

ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயப்படுவதும் ஆகிய இரண்டும் ஓயாத துன்பம் என்று வள்ளுவர் அரசருக்கு உரைத்தார். அமைச்சரைத் தேர்பவருக்குச் சொன்ன அவ்வுரை, வாழ்க்கைத் துணையைத் தேர்பவருக்கும் பொருந்தும். கிளாடியோ இரு தவறும் செய்தான்: அறியாமலே காதலித்தான், கேட்டவுடனே ஐயுற்றான். இவ்விரண்டும் வேறு வேறு தவறுகளல்ல. முதலாவதன் பிள்ளையே இரண்டாவது.

மணப்பேச்சு முடிந்த வீட்டுக்குப் பெயரில்லாத மொட்டைக் கடிதம் ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்பதை நம்மவர் அறிவர். எழுதியவன் யார், அவனுக்கு இதனால் ஆதாயம் என்ன என்று கேட்பவர் சிலர். நெருப்பில்லாமல் புகையுமா என்பவர் பலர். அந்தப் பலருள் பெற்றோரும் இருப்பது கொடுமை. நாடகம் பார்க்கும்போது கிளாடியோவைத் தூற்றுவது எளிது. கடிதம் வந்த நாளில் நாம் யார் என்பதே கேள்வி.

ஆதலின் இளைஞர்களே, நங்கையர்களே! கண்டு மயங்குவதோடு நில்லாமல் பேசிப் பழகி அறியுங்கள். கருத்து மாறுபட்டால் அஞ்சாமல் வாதாடியும் அறியுங்கள். பெற்றோர்களே! அவ்வாறு அறிந்துகொள்ள அவர்களுக்கு இடங்கொடுங்கள். இடங்கொடுக்காமல் முடித்த மணம் முதற்புயலில் ஆடினால், பழி மணமக்களைச் சார்ந்ததன்று. அறிந்து நம்பியவர், ஊரே எதிர்த்து நிற்கும்போதும் தாம் நம்பியவர் பக்கம் நிற்கக் கடமைப்பட்டவர். மெஸ்ஸினாவில் அப்படி நின்றவள் ஒரு பெண். அவள் சொல்லைக் கேட்டு உடன் நின்றவன் ஓர் ஆண். அவ்விருவரும் நின்ற அந்த நிலைக்கே காதல் என்னும் பெயர் தகும்.